ஓமானுக்கு எந்த ஓம்?

இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் பாதிப் பேர், திருகோணமலைக்கு எந்த மாதம் வந்தால் திமிங்கிலம் பார்க்கலாம் என்று கேட்பவர்கள். மற்றப் பாதிப் பேர் என்னைப் போன்ற ஆசிரியர்கள். எந்த நாட்டுச் சர்வதேசப் பாடசாலைக்கு விண்ணப்பிக்கலாம், எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று கேட்பவர்கள். இந்தப் பதிவு இரண்டாவது பாதிக்கு. திமிங்கிலக்காரர்கள் பஸ் நேரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம், கோபிக்க மாட்டேன்.

சித்திரை விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை, உப்புவெளியில் இருந்து கிண்ணியா, மூதூர் வழியாகச் சம்பூர் வரை போய் வந்தேன். கைப்பேசி வரைபடத்தின்படி போக வரக் கிட்டத்தட்ட நூற்றிருபது கிலோமீற்றர். வெளிநாட்டில் படிப்பித்துத் திரும்பிய இரண்டு பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்பதற்காகப் போனேன்: ஓமானா, மாலைதீவா? அடுத்த நாள் பகல் ஒன்றரை மணிக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முப்பத்தாறு வயது. நகரத்தில் ஒரு தனியார் ஆங்கில மொழிமூலப் பாடசாலையில் பத்து வருடமாக இரசாயனவியல் படிப்பிக்கிறேன். ஆய்வுகூடத்தில் பியூரெட் (சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) மூன்று, வகுப்பில் பிள்ளைகள் இருபத்தெட்டு. மூன்று பேர் செய்முறை செய்ய, மற்றவர்கள் கலியாண வீட்டில் சமையல் பார்ப்பதுபோலச் சுற்றி நின்று பார்ப்பார்கள். சம்பளம் மாதத்தின் இருபதாம் தேதியே மூச்சை விட்டுவிடும். கணவர் சுகந்தன் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவர். மகள் மிதுஷாவுக்கு ஏழு வயது. எனக்கு வெளிநாடு போக ஆசை. சம்பளத்துக்காகத்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன், அது முழு உண்மை இல்லை. இருபத்தெட்டுப் பிள்ளைக்கும் இருபத்தெட்டு பியூரெட் இருக்கிற ஒரு அறையில் ஒரு தடவையாவது நின்று படிப்பிக்க வேண்டும். அந்த ஆசை வந்ததில் இருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

ஏழு விண்ணப்பங்கள் போட்டேன். வியட்நாமில் ஒரு பாடசாலை என் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று அறிந்ததும் பதில் போடுவதையே நிறுத்திக்கொண்டது. (இது நடக்கும். மனதைப் பழக்கிக்கொள்ளுங்கள்.) கடைசியில் கையில் நின்றவை இரண்டு. மாலைதீவில் தலைநகர் மாலேயில் ஒன்று: மகளையும் கூட்டிப் போகலாம், அதே பாடசாலையில் அரைக் கட்டணத்துக்குப் படிக்கலாம், ஆனால் வீட்டு வாடகை போக மிச்சம் என்று ஒன்றும் இருக்காது. மற்றது ஓமானில்: சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவர்கள் அனுப்பிய ஆய்வுகூடப் படங்களை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஓமான் விஷயத்தில் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதையை இங்கேதான் சொல்ல வேண்டும். இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்காக: எங்கள் ஊரில் ‘ஆமாம்’ கிடையாது, ‘ஓம்’தான். அந்த ஓம் சம்மதத்துக்கு மட்டும் உரியதல்ல. எதிரே இருப்பவர் கதைக்கும்போது இடையிடையே “ஓம், ஓம்” என்று போடாவிட்டால், நாம் கேட்கவில்லை என்று அவர் நினைத்துக்கொள்வார். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள், அவ்வளவுதான் அதன் பொருள். ஓமான் பாடசாலையின் அதிபர் ஒரு வெள்ளைக்காரர். முப்பத்தைந்து நிமிட ஸூம் நேர்காணலில் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். தனி ஆளுக்கான ஒப்பந்தம், இன்னொரு ஆசிரியையுடன் பகிர்ந்து இருக்கும் அறை, இரண்டு வருடத்துக்குக் குடும்ப விசா இல்லை. நான் ஒவ்வொன்றுக்கும் பணிவாக “யெஸ், யெஸ்” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் மனதில் அது ஓம், ஓம். இரண்டு மணி நேரத்தில் மின்னஞ்சல் வந்தது: எல்லா நிபந்தனைகளையும் நீங்கள் ஏற்றுக்கொண்டதில் மகிழ்ச்சி, இணைத்துள்ள ஒப்பந்தத்தில் ஞாயிறு நண்பகலுக்குள் கையொப்பமிட்டு அனுப்பவும். அவர்களுடைய நண்பகல் எங்களுக்கு ஒன்றரை மணி.

ஆசிரியர் அறையில் பெரிய பகிடியாகிவிட்டது. ஓமானுக்கு ஓம் சொன்ன மிஸ் என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுத்து எழுதவும் கை வரவில்லை. இரண்டு வருடம்தானே என்று மனம் ஒரு பக்கம் இழுத்தது. சுகந்தனைக் கேட்டால், “உம்மட விருப்பம்” என்றார். கலியாணமான நாளில் இருந்து பெரிய விஷயம் எதற்கும் அவர் சொல்லும் பதில் இதுதான், சின்ன விஷயம் என்றால் மட்டும் கருத்து இருக்கும். அக்கா நகரத்தில் இருக்கிறா, மிதுஷாவை வைத்துப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டா. மிதுஷாவிடமும் சொல்லிவிட்டேன். அம்மா ரெண்டு வருசம் ஓமானுக்குப் போய் வாறன், நீ பெரியம்மா வீட்ட இருப்பாய் என்ன? “ஓம் அம்மா” என்றாள். கெட்டிக்காரப் பிள்ளை என்று நிம்மதியாக இருந்தது.

சனிக்கிழமை காலை 6.10க்கு நிலாவெளியில் இருந்து வரும் பஸ்ஸை உப்புவெளிச் சந்தியில் பிடித்தேன். நகரத்துக்கு ஐந்து கிலோமீற்றர், 40 ரூபா, கால் மணி நேரம். பஸ் நிலையத்தில் வழமைபோல, நகரத்துக்குள் திரியும் மான்கள் வாழைப்பழத் தோலுக்கு நின்றன. ஒரு வடையும் பிளேன்டீயும் 130 ரூபா. பஸ் போய்விடும் என்று உட்காராமல் நின்றபடியே முடித்தேன், பஸ் அசையக்கூட இல்லை. மூதூர் பஸ் 7.05க்கு வெளிக்கிட்டது. கிண்ணியாவுக்கு இருபது கிலோமீற்றர், 110 ரூபா. வலது பக்க ஜன்னலா இடது பக்கமா என்று கேட்பவர்களுக்கு: சீனக்குடா தாண்டும்வரை எந்தப் பக்கம் இருந்தாலும் துறைமுகம் ஏதோ ஒரு வளைவில் வந்துவிடும். உள்ளே புகுந்து புகுந்து போகிற கடல் அது, எங்கே முடிகிறது என்று எனக்கே இன்னும் சரியாகத் தெரியாது. அன்று நான் அதைப் பார்க்கவும் இல்லை. கைப்பேசியில் ஒப்பந்தத்தில் குடும்ப விசா பற்றிய ஏழாம் பக்கத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசித்துக்கொண்டு இருந்தேன்.

கிண்ணியாப் பாலம் தாண்டி இறங்கும்போது 7.55. முன்பு இந்த வழியில் பாலங்கள் இல்லை. ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைகளில் வண்டியோடு ஏறிக் கடக்க வேண்டும், ஒவ்வொரு துறையிலும் காத்து நிற்க வேண்டும். இப்போது பஸ் ஒரே ஓட்டமாக ஓடுகிறது.

பரீதா மிஸ்ஸின் வீடு பாலத்தில் இருந்து பத்து நிமிட நடை. என்னை விடப் பத்து வயது மூத்தவர். ஒன்பது வருடம் ஓமானில் ஆரம்ப வகுப்புகளுக்குப் படிப்பித்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் திரும்பியவர். ஒரு செயலமர்வில் பழக்கமானோம். முன் அறையில் வெள்ளைப் பலகையும் பன்னிரண்டு பிளாஸ்திக் கதிரைகளும் கிடந்தன. காலை ஆறு மணி ஆங்கில வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. இடியப்பமும் மீன் சொதியும் வைத்துவிட்டுத்தான் கதைக்கவே விட்டார்.

உபயோகமான விஷயங்கள் எல்லாம் முதல் ஒரு மணி நேரத்தில் வந்தன. ஒப்பந்தத்தில் கோடைகாலச் சம்பளம் உண்டா என்று பார்க்க வேண்டும், பத்து மாதத்துக்கு மட்டும் தருகிற பாடசாலைகள் இருக்கின்றன. வேலையை விட்டு வரும்போது தரும் சேவைக் கொடுப்பனவு எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று எழுத்தில் கேட்க வேண்டும். வருடாந்த விமானச் சீட்டு கையில் காசாக வருமா, சீட்டாக வருமா? வெளிநாட்டு ஆசிரியர் என்ற ஒரே பெயரில் மூன்று விதமான சம்பளப் படி இருக்கும், எங்களுடையது எப்போதும் மூன்றாவது. அங்கே ஆசிரியர்களின் சாப்பாட்டு மேசையில் அதைக் கேட்டு மனம் நோக வேண்டாம், வகுப்பறையில் பிள்ளைகளுக்கு அது தெரியாது என்றார். நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

பிறகு என் “யெஸ், யெஸ்” கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மகளுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். சொல்லிவிட்டேன், ஓம் என்று சொன்னாள் என்றேன்.

“எந்த ஓம்?” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் கோப்பைகளை அடுக்கி ஓரமாக வைத்தார். தான் போனபோது மகனுக்கு ஆறு வயது என்றும், தங்கையின் வீட்டில் விட்டுவிட்டுப் போனதாகவும் சொன்னார். தினமும் பின்னேரம் போன் எடுப்பாராம்.

“சாப்பிட்டியா மகன்? ஓம் உம்மா. படிச்சியா? ஓம் உம்மா. சாச்சிட வீட்டுல சந்தோசமா இரிக்கியா? ஓம் உம்மா. மூணு வருசம் இதுதான் கதை. அங்க என்னோட இருந்த டீச்சர்மார்ட பிள்ளைகள் எல்லாம் போனுல அழுவாங்க, சண்டை பிடிப்பாங்க. எனக்கு உள்ளுக்குள்ள பெருமை, என்ட புள்ள எவ்வளவு நல்ல புள்ள என்டு.”

மூன்றாம் வருட விடுமுறையில் வந்திருந்தபோது, மகன் முற்றத்தில் சிப்பி வெட்டிக் காலில் இரத்தத்தோடு ஓடி வந்தானாம். பரீதா மிஸ் வாசற்படியில் இருந்தார். இரண்டு கையையும் நீட்டினார்.

“என்னத் தாண்டி ஓடினான் மிஸ். குசினிக்குள்ள போய்ச் சாச்சிட சீலையப் புடிச்சிக்கிட்டு அழுதான். அப்பதான் விளங்கிச்சு. அவன் எனக்குச் சொன்ன ஓமெல்லாம் நீங்க அந்த வெள்ளக்காரனுக்குச் சொன்ன ஓம்தான். கேட்டுட்டிரிக்கன், சொல்லி முடிங்க.”

போக வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். விடுமுறை முடிந்து தானும் திரும்பிப் போனதாகவும், அதன்பிறகும் ஆறு வருடம் இருந்ததாகவும் சொன்னார். இந்த வீடும் மகனுடைய கொழும்புப் படிப்பும் அந்தச் சம்பளத்தில் வந்தவை. அதை மறைத்து உங்களுக்குப் புத்தி சொன்னால் நான் பொய்காரி என்றார். அவர் அழவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாட்டைப் பற்றிக் கேட்க வந்தவளிடம் என் பிள்ளையைப் பற்றி ஏன் கேட்கிறார் என்ற கோபம்.

10.40க்கு மூதூர் பஸ். 120 ரூபா, ஏறக்குறைய இருபத்திரண்டு கிலோமீற்றர். உப்பாறு, கங்கை, இறால்குழி என்று பாலம் பாலமாக வந்தது. எதிலும் மனம் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் போனில் யாருக்கோ ஓம், ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். பதினைந்து வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். நடத்துநர் ஓம் என்றார், பின் இருக்கைப் பெரியவர் ஓம் என்றார். பிறந்த நாள் முதல் கேட்ட சொல் அன்றைக்கு எனக்கு விளங்காத சொல் ஆகிவிட்டது.

மூதூரில் 11.30. சம்பூருக்குப் பஸ் இருக்கிறது, ஆனால் எனக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. ஓட்டோ பிடித்தேன். கட்டைபறிச்சான், சேனையூர் வழியாகப் பன்னிரண்டு கிலோமீற்றர், 1,400 ரூபா. சாரதியிடம் இரண்டரை மணி நேரம் நிற்க வேண்டும், திரும்பவும் உங்களோடுதான் வருவேன் என்று சொன்னேன். “ஓம் ஓம், பிரச்சினை இல்ல” என்றார்.

சம்பூர் 2006இல் முழு ஊருமாக இடம்பெயர்ந்து, பிறகு பல வருடம் கழித்துப் பகுதி பகுதியாகத் திரும்பி வந்து குடியேறிய ஊர். புது வீடுகளும், கூரை இல்லாத பழைய சுவர்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். குணா சேரை ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில்தான் எனக்குத் தெரியும், நேரில் பார்த்தது அன்றுதான். நாற்பத்துமூன்று வயது. மாலைதீவில் வேறு வேறு தீவுகளிலும் மாலேயிலுமாகப் பதினொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவர். கடந்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் அனுப்பிவிட்டார்கள். மனைவி பிரதேச செயலகத்தில் வேலை. பிள்ளைகள் இல்லை.

என்னை விட அவருக்குத்தான் இருப்புக் கொள்ளாத வருத்தம் அதிகம் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. கதைக்கும்போது உட்காரவே இல்லை. ஒரு கொப்பியில் நாடு நாடாகப் பக்கம் ஒதுக்கி வைத்திருந்தார். கசகஸ்தானில் குளிர் உடுப்புக்கு எவ்வளவு, தாய்லாந்தில் விசாவை நீடிக்க எத்தனை நாள், கம்போடியாவில் ஆய்வுகூட உதவியாளர் உண்டா, எல்லாம் இருந்தது. எந்த நாட்டுக்கு எந்த மாதம் விண்ணப்பிக்க வேண்டும் என்று விரல்விட்டுச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு அவருடைய மனைவி கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துப்போனா. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பதற்கு இந்த மனிசனைத்தான் படம் கீற வேணும் என்று என்னிடம் சொன்னா.

மாலேயைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், தேடுகிறவர்களுக்கு உதவும். தலைநகரில் இரண்டு அறை வீட்டுக்குச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடும். அதனால் ஒரு அறையில்தான் சமையல், படுக்கை, பிள்ளையின் வீட்டுப்பாடம் எல்லாம். தண்ணீர், மரக்கறி எல்லாம் விலை. பிள்ளைகள் படிக்கட்டில்தான் விளையாடும். எலி வளையானாலும் தனி வளை என்று நினைக்கக்கூடியவர்கள் போகலாம், வீடு கட்டக் காசு சேர்க்க நினைப்பவர்கள் போக வேண்டாம். பாடசாலையில் மரியாதை இருக்கும். கொழும்பில் இருந்து ஒன்றரை மணி நேர விமானம் என்பதால், சாவீடு என்றாலும் வந்து சேரலாம். ஆய்வுகூடம் எப்படி என்று கேட்டேன். பாவமில்லை, சமாளிக்கலாம் என்றார். எத்தனை பியூரெட் என்று கேட்டேன். ஆறு என்று சொல்லிவிட்டு, அதில் ஒன்று ஒழுகும் என்றார்.

திரும்பத் திரும்ப வெளிநாடு போக ஏன் இவ்வளவு அவசரம் என்று நானே கேட்டுவிட்டேன். ஊருக்கு வர எவ்வளவு வருடம் காத்திருந்தவர்கள் நீங்கள், வந்ததும் வெளிக்கிட நிற்கிறீர்களே என்று. கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை.

“நாங்கள் இஞ்ச இருந்து வெளிக்கிட்டது ஷெல் அடிச்சபடியால். மட்டக்களப்புப் பக்கம் முகாமுக்குப் போனது பஸ்ஸில ஏத்தினபடியால். கிளிவெட்டிக்கு வந்தது அங்க இருந்து எழுப்பினபடியால். ஒண்டும் நான் கேட்டுப் போன இடமில்ல. மாலைதீவு மட்டும்தான் நானாத் தெரிவு செய்து போனனான். அதுதான் மிஸ், இந்தக் கொப்பியை மூடி வைக்க என்னால ஏலாமக் கிடக்கு.”

பிறகு சற்றுத் தயங்கி, தானும் இரசாயனவியல் படிப்பிக்கக்கூடியவர் என்றும், ஓமானை நான் விடுவதாக இருந்தால் தன் விபரத்தை அந்த அதிபருக்கு அனுப்ப முடியுமா என்றும் கேட்டார். தனி ஆளுக்கான ஒப்பந்தம் என்பது அவருக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நான் ஓம் என்றேன். சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்து, இது சம்மதம் என்று விளக்கமாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

பின்னேரம் 2.30க்கு வெளியே வந்தால் ஓட்டோ இல்லை. போன் எடுத்தேன். மூதூரில் ஒரு கலியாண ஓட்டம் வந்தது, போய்விட்டேன் என்றார் சாரதி. நிற்பதாகச் சொன்னீர்களே என்றேன். “நீங்க சொன்னத நான் கேட்டனான் தானே தங்கச்சி” என்றார் மிகவும் நியாயமாக. வேறு நாளாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். குணா சேர் மோட்டார் சைக்கிளில் மூதூரில் கொண்டுவந்து விட்டார், 3.30 பஸ் கிடைத்தது. நகரத்துக்கு 220 ரூபா. 5.10க்கு இறங்கி, உப்புவெளி பஸ் நிரம்பி வழிந்ததால் ஓட்டோவுக்கு 500 ரூபா கொடுத்தேன். வீட்டுக்கு வரும்போது 5.35.

மிதுஷா விறாந்தையில் படம் கீறிக்கொண்டு இருந்தாள். கை கால் கழுவாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஓம் என்று பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியைப் பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். அம்மா ஓமானில் இருந்து போன் எடுத்தால் நீ என்ன கதைப்பாய் என்று கேட்டேன். நிறப்பென்சிலை வைக்காமலே சொன்னாள்.

“ஓம் ஓம் எண்டு சொல்லுவன்.”

வேறொன்றும் கதைக்க மாட்டாயா என்றேன்.

“பெரியம்மா சொன்னவா. அழக்கூடாதாம். அழுதா நீங்கள் வேலையை விட்டிட்டு ஓடி வந்திடுவீங்களாம். ஓம் ஓம் எண்டு சொன்னாத்தான் உங்களால அங்க இருக்க ஏலுமாம்.”

எத்தனை நாளாகப் பழக்குகிறாவோ தெரியாது. என் அக்காவை நான் குறை சொல்லவில்லை, எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறா. நான் அழுதேன். சத்தமாகவே அழுதேன். மிதுஷா அழவில்லை, என் முதுகைத் தடவிக்கொடுத்து ஓம் அம்மா, ஓம் அம்மா என்றாள். ஏழு வயதில் அவள் தயாராகி இருந்தாள். அன்றைக்கு என்னை மிகவும் பயப்படுத்தியது அதுதான்.

ஞாயிறு காலை 11.15க்கு ஓமானுக்கு எழுதினேன். நேர்காணலில் நான் சொன்ன யெஸ், உங்களைக் கவனமாகக் கேட்கிறேன் என்ற பொருளில் சொன்னது, எங்கள் மொழியில் அது வழக்கம், தவறு என்னுடையது. மகள் இல்லாமல் என்னால் வர முடியாது. இதே பாடத்துக்குத் தகுதியான ஒருவரின் விபரத்தை இணைத்திருக்கிறேன். அனுப்பிவிட்டு, அந்த ஆய்வுகூடப் படங்களை இன்னொரு தடவை திறந்து பார்த்தேன். மனம் எரிந்தது. பிள்ளைக்காக விட்டுக்கொடுத்ததில் பெருமை என்று எழுதினால் அது பொய். எனக்கு அந்த அறை வேண்டும் என்று இப்போதும் இருக்கிறது. திங்கட்கிழமை அதிபர் மரியாதையாகப் பதில் போட்டார். குணா சேருக்கு இரண்டு வாரத்தில் நேர்காணல். ஒவ்வொரு நிபந்தனைக்கும் யெஸ் சொல்வதற்கு முன் மூன்று எண்ணும்படி அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இனி விண்ணப்பிக்க இருப்பவர்களுக்கு. நேர்காணலில் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பதைக் காட்டத் தலையை ஆட்டுங்கள், இல்லாவிட்டால் ‘விளங்குகிறது’ என்பதற்குரிய ஆங்கிலத்தைச் சொல்லுங்கள், சம்மதச் சொல்லைச் சேமித்து வையுங்கள். தனி ஆள் ஒப்பந்தமா குடும்ப ஒப்பந்தமா என்பதை முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள், சம்பளத்தைப் பிறகு கேட்கலாம். சான்றிதழ்களை உறுதிப்படுத்த எந்த அலுவலகம், எத்தனை நாள் என்று வேலை கிடைப்பதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். நாட்டைப் பற்றி இணையத்தில் வாசிப்பதை விட, அந்த நாட்டில் இருந்து திரும்பி வந்த ஒருவரின் வீட்டுக்குப் பஸ் எடுத்துப் போவது மலிவு. எனக்கு முழுப் பயணமும் சாப்பாடு உட்பட 2,520 ரூபாவில் முடிந்தது, ஓட்டோக்களை விட்டால் அறுநூற்று இருபது. சம்பூருக்குப் போகிறவர்கள், திரும்பும் பயணத்துக்கான காசில் பாதியை நிற்கச் சொல்லும்போதே சாரதியிடம் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளை விட்டுப் போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் தீர்ப்பு ஒன்றும் இல்லை. பரீதா மிஸ் போனார், குணா சேர் போகிறார், நாளைக்கு நானும் வேறு விதமாக யோசிக்கலாம். கேட்கும்போது மட்டும், ஓம் என்று சொல்ல இடம் விடாமல் கேளுங்கள்.

மாலேக்குச் சரி என்று எழுதிவிட்டேன். ஓகஸ்டில் நானும் மிதுஷாவும். சுகந்தன் விடுமுறைக்கு வந்து போவதாகச் சொல்கிறார், அது தன் விருப்பம் என்று முதல்முறையாகச் சொன்னார். மிதுஷாவிடம் இந்த முறை நீயும் அம்மாவும் சேர்ந்துதான் போகிறோம் என்று சொன்னேன். துள்ளுவாள் என்று நினைத்தேன். ஏலாது என்றாள். புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போக ஏலாது, சிநேகிதி கவிஷ்காவை விட ஏலாது, படிக்கட்டில் விளையாட ஏலவே ஏலாது. மூன்று நாளாக வீட்டில் ஒரே சண்டை. இதை எழுதும்போதுகூட, சைக்கிளைக் கொண்டுபோகாவிட்டால் விமானத்தில் ஏற மாட்டேன் என்று பக்கத்து அறையில் இருந்து கத்திக்கொண்டு இருக்கிறாள். நானும் இங்கிருந்து கத்துகிறேன்.